எங்கே என்று கேட்காதவர்கள்

1

என் அலுவலகத்தில் என்னை மலையேறி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நம்பவைத்தவன் நான்தான்.

டூரின் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த ஊர் என்று கேட்டவர்களுக்குச் செஞ்சிக் கோட்டையின் படத்தைக் காட்டினேன். ராஜகிரி உச்சியைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்த படம். அப்படி எடுத்தால் எந்தக் குன்றும் இமயமலைதான். இத்தாலிய மொழியில் மலைநாட்டில் பிறந்தவனுக்கு ஒரு சொல்லும், சிகரங்களில் ஏறித் திரிபவனுக்கு வேறொரு சொல்லும் இருக்கின்றன. நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். தவறு என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் எனக்கு மரியாதை கூடியிருந்ததால் திருத்திக்கொள்ளவில்லை.

ராஜகிரியில் நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். முதல் முறை பள்ளிக்கூடத்தில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாவது முறை, கல்யாணமான புதிதில் மனைவி செல்வியுடன். பாதி வழியில் ஒரு குரங்கு எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். செஞ்சிக்காரர்கள் கோட்டைக்குப் போவது வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால்தான். அப்போதும் விருந்தாளியை மேலே அனுப்பிவிட்டு, டிக்கெட் கொடுக்கும் இடத்தருகே நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வோம்.

இந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் நானே நம்பிவிட்டேன். விளைவு, சென்ற ஆண்டு கோடையில் ஆல்ப்ஸ் மலைமுகட்டில், ஒரு சைக்கிளின் மேலிருந்து தலைகீழாகப் பறந்தேன். அன்றைக்கு என் மகள் என்னுடன் இருந்தாள். அதனால்தான் இன்னும் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

2

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நேற்றுக் காலை செஞ்சியில் நடந்த ஒரு சின்ன விஷயம். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும்போது என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தூரமா?"

"பஜாருக்கு, நைனா. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ரீசார்ஜ் பண்ணிட்டு, கூட்டு ரோடு வழியா திரும்பிடுவேன். பதினொண்ணுக்குள்ள வரலன்னா போன் அடி."

நைனா பேப்பரை மடித்து வைத்தார்.

"இன்னாடா ஆச்சு உனக்கு? நான் கேட்டனா?"

கேட்கவில்லைதான். எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவனை 'எங்கே போகிறாய்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டவரை முறைத்துவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். அதற்காகக் கவலை இல்லாமல் போய்விடுமா? அந்தக் கவலைக்கென்று ஒரு சந்து வைத்திருக்கிறோம். 'தூரமா?' என்று கேட்கலாம். 'கிட்டத்தான்' என்று பதில் சொல்லலாம். இடத்தைப் பற்றி ஒரு தகவலும் பரிமாறப்படாது. மனசு மட்டும் பரிமாறப்பட்டுவிடும்.

நான் இத்தாலிக்குக் கிளம்பிய அன்றைக்கும் இதே ஏற்பாடுதான். சென்னை பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு நைனா, "தூரமா?" என்றார். பாஸ்போர்ட், விசா எல்லாம் அவர் கண்ணெதிரே வந்தவைதான். "கொஞ்சம் தூரம்தான்" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

இருபத்தோரு வருடங்களுக்குப் பிறகு அந்த ஏற்பாடு ஏன் பழுதானது என்பதை நேற்றுச் சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன். ஒரு வருடம் மறைத்து வைத்திருந்த கதை.

3

மகளின் பெயர் மலர். டூரினில் பிறந்தவள். சென்ற ஆண்டு பதினெட்டு முடிந்திருந்தது. அவளுடைய தமிழ் அம்மாவிடமிருந்து வந்தது; அம்மாவின் ஊர் செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் அனந்தபுரம். மலர் இத்தாலிய ராகத்தில் 'இன்னா' என்பாள். கேட்டால், ரோமாபுரி இளவரசி அனந்தபுரம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் பேசுவதே அருகிவிட்டது. சரி, தெர்ல, பசிக்கல, அப்புறம். இந்த நான்கு சொற்களில் ஒரு வருடத்தையே ஓட்டிவிட்டாள்.

பிறந்த நாட்டின் குடியுரிமையை அங்கே தட்டில் வைத்துத் தருவதில்லை. பதினெட்டு வயதானதும் போய்க் கேட்க வேண்டும். போனோம். நகராட்சியில் ஒரு பெண்மணி என் காகிதங்களைப் புரட்டிவிட்டு முகம் சுருக்கினார். ஒன்றில் நான் ஜிஞ்சியில் பிறந்திருந்தேன், இன்னொன்றில் செஞ்சியில். இரண்டு ஊர்களில் பிறந்த அப்பாவை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மலர் கடகடவென்று ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் சிரித்தார். மலரும் சிரித்தாள். முத்திரை விழுந்துவிட்டது.

"இன்னாம்மா சொன்ன?"

"ஒண்ணும் இல்லப்பா."

என் பிறப்பைப் பற்றி இரண்டு பேர் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பு எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் அவள் படிப்பதற்கு ஹாலந்து போவதாக இருந்தது. அதற்குள் ஒரு முழு நாள் அவளோடு இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குப் பிடித்ததோ மலைச் சைக்கிள். வார இறுதிகளில் தோழிகளோடு சேறும் சிராய்ப்புமாகத் திரும்புவாள்.

"அந்த முகட்டு ரோட்டுக்கு நானும் வரேன்" என்றேன்.

"நீயா?"

"நான் மலைக்கோட்டைக்காரன்."

"நீ பாதியிலயே எறங்கிட்டன்னு அம்மா சொல்லிச்சு."

எனக்கு பேட்டரி வைத்த சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதன் படத்தை நைனாவுக்கு அனுப்பியபோது வந்த பதில்: "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மக்கார்டு இல்ல. இன்னும் வேல முடியலயா?" கடைக்காரன் பிரேக்கைப் பற்றி ஏதோ சொன்னான். சைக்கிளை எட்டு வயதிலிருந்தே தெரியும் என்பதால் தலையை ஆட்டினேன்.

4

கிளம்பும்போது செல்வி கதவருகே வந்தாள்.

"தூரமா?"

"கிட்டத்தான்" என்றேன். "கிட்டத்தாம்மா" என்றாள் மலர், ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வழக்கப்படி பதில் சொன்னோம்.

பிரான்ஸ் எல்லைப் பக்கம் ஒரு கணவாய் வரை காரில் போய், அங்கிருந்து சைக்கிள். அந்தக் காலத்தில் ராணுவம் பீரங்கி இழுப்பதற்காக வெட்டிய மண்பாதை அது. கணவாயிலிருந்து கணவாய்க்கு, முகட்டை ஒட்டியே ஓடுகிறது. சரளையும் உருட்டுக்கல்லும் மழை அரித்த பள்ளமும்தான் ரோடு. தடுப்புச்சுவர் கிடையாது. இடப்பக்கம் நேரே பள்ளத்தாக்கு. அடியில் ஒரு ஊர் தெரிந்தது, அதன் சர்ச் ஒரு அரிசியளவு. வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பாதையில் மோட்டார் வண்டிகளை விடமாட்டார்கள், சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் நிம்மதியாகப் போகட்டும் என்று. அப்படி ஒரு நாளாகப் பார்த்துத்தான் போனோம். நடுவழியில் ஒரு மலைவிடுதி உண்டு. அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

தொடக்கத்தில் ஒரு பலகை இருந்தது. எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தது. நின்று படித்தேன். நல்ல அறிவுரை என்று நினைத்தேன். மற்றவர்களுக்கான அறிவுரைகளை நான் எப்போதும் மதிப்பவன்.

மலர் முன்னால் போனாள். அவளோடு ஒரு முழு நாள் என்று நான் நினைத்தது, அவளுடைய முதுகோடு ஒரு முழு நாள் என்று ஆகிவிட்டது. இருந்தாலும் வளைவுக்கு வளைவு காலூன்றித் திரும்பிப் பார்த்தாள். நான் தெரிந்ததும் போனாள். அதுவே போதும் போலிருந்தது.

மத்தியானத்துக்கு முன்பே தென்மேற்கில் மேகம் திரண்டது. அடி கறுத்து, தலை வெளுத்து, நன்றாகப் புடைத்த மேகம். நிலக்கடலை போட்ட வீட்டில் பிறந்தவன் மேகத்தைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டான். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

"மழ வருது பாரும்மா!" என்று கத்தினேன், ஏதோ நானே வரவழைத்ததுபோல.

மலர் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, இது ஊரு இல்ல. மேல நாமதான் உயரம். வேகமா வா."

அவள் சொன்னது உண்மை. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லை. முகட்டில் நிமிர்ந்து நின்றவை இரண்டு சைக்கிள்களும் இரண்டு மனிதர்களும்தான். மலைவழியின் இடியையும் மின்னலையும் பற்றி நம் பழைய பாட்டுகள் எச்சரிக்காமல் இல்லை. ஆனால் அந்த வழியில் வருகிறவன் இளைஞன், அவனை நினைத்து அஞ்சுகிறவள் காதலி. ஐம்பத்திரண்டு வயதில் பேட்டரி சைக்கிளில் வருகிறவனுக்குத் துறை ஒன்றும் வகுக்கவில்லை.

5

பாதை கீழ்நோக்கிச் சரிந்த இடத்தில் சைக்கிளை வேகமாக விட்டேன். வளைவு நினைத்ததைவிடக் கூர்மையாக இருந்தது. பதறி, இடது கையால் பிரேக்கை முழுதாக அழுத்தினேன். நம் ஊர்ச் சைக்கிளில் இடது கை பின்சக்கரத்துக்கு. அங்கே இடது கை முன்சக்கரத்துக்கு. கடைக்காரன் சொன்னது இதைத்தான் என்பது காற்றில் இருக்கும்போது புரிந்தது.

கண் திறந்தபோது வலது தோளில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் பிளந்திருந்தது. பள்ளத்தின் விளிம்பு ஒரு கட்டிலின் நீளத் தூரத்தில் இருந்தது.

"எழுந்துக்காத. அப்பா, எழுந்துக்காதன்னு சொல்றன்ல."

எழுந்தேன். வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. மலர் என் முகத்தைப் பிடித்து இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. பாதைக்குக் கீழே ராணுவம் விட்டுப்போன ஒரு கல் கட்டடம், பாதிக் கூரையோடு இருந்தது. என் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அதுவரை இழுத்துப் போனாள். தோளின் எலும்பு உள்ளே தனியாக நடந்து வந்தது.

இரண்டு போனிலும் சிக்னல் இல்லை. மேற்கே முதல் இடி கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியும்ல, நாம எங்க வந்துருக்கோம்னு?"

"தெரியாது."

"சொல்லலியா நீ?"

"அவ கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேக்கக் கூடாது."

"இன்னா கேக்கக் கூடாது?"

"கெளம்பும்போது எங்க போறன்னு கேக்கக் கூடாதும்மா. போற காரியம் வெளங்காது. அதனாலதான் தூரமான்னு கேப்பாங்க."

கோபத்தில் கத்தப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"சின்ன வயசுலேர்ந்து, என் ஃபிரண்ட்ஸ் வீட்ல எல்லாம் எங்க போற, யார் கூட போறன்னு கேட்டுகினே இருப்பாங்க. நம்ம வீட்ல மட்டும் ஒரு நாளும் கேட்டது இல்ல. நான் எங்க போனாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வெளியே கூழாங்கல் அளவில் ஒரு ஆலங்கட்டி விழுந்தது. பிறகு இன்னொன்று. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அப்போது சொன்னது இதுதான்:

"நீ வர்ற வரைக்கும் அம்மா சாப்பிட மாட்டா. அதாவது தெரியுமா?"

"டயட்டுன்னு நெனச்சேன்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய் ஆள கூட்டிகினு வரேன்."

"வேணாம். இடி நிக்கட்டும்."

"ரெண்டு தடவ வாந்தி எடுத்துருக்க. தலைல அடி. நிக்கிற வரைக்கும் உக்காந்துகினு இருக்க முடியாது. இடி இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்குது."

"மலர், வேணாம்னு சொல்றேன்."

அவள் தன் மழைக்கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினாள். அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். வாசலில் சைக்கிளை நிமிர்த்தினாள். அவளைப் பிடித்து நிறுத்த எனக்கு ஒரு கைதான் இருந்தது. அது எட்டவில்லை.

"எங்க போற?" என்று கேட்டேன். "சரியா சொல்லிட்டுப் போ."

அவள் நின்றாள். கையை நீட்டிக் காட்டினாள். "இந்த ஏத்தம். அப்புறம் மேல கொஞ்சம் சமமா போவும், அதுதான் பயம். அத தாண்டிட்டா எறக்கம், ரெண்டு வளைவு, விடுதி. கால் மணி நேரம் ஆவும். அங்க சிக்னல் இல்லன்னாலும் வண்டி இருக்கும்."

சரளை நொறுங்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு ஆலங்கட்டி அதை மூடிவிட்டது.

6

பகுத்தறிவு பேசுகிற புத்தகங்கள் என் வீட்டில் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அடிக்கோடு போட்டுப் படித்தவை. அவற்றில் ஒன்றுகூட அந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை. என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: பதினெட்டு வருடம் கேட்காத கேள்வியை அன்றைக்குப் பார்த்தா கேட்க வேண்டும்? உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டாவது போயிருக்கலாம். என்னிடம் பாட்டிலில் தண்ணீர் இருந்தது. இதையெல்லாம் நான் மெய்யாகவே நினைத்தேன், மிகவும் தெளிவாக.

மின்னல் வெளிச்சத்தில் வாசல் ஒரு கணம் வெள்ளையாகித் திரும்பவும் கறுத்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவள் இப்போது அந்தச் சமதரையில் இருப்பாள் என்று நினைத்தேன். தாண்டியிருப்பாள் என்று நினைத்தேன். இரும்புச் சைக்கிளோடு போனாளே என்று நினைத்தேன். பிறகு அது அலுமினியம் என்பது நினைவு வந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை என்பதும் நினைவு வந்தது. ஒரு முறை வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. சுவர் அதிர்ந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அதே நேரத்தில் டூரினிலும் ஆலங்கட்டி. செல்வி எங்கள் இருவருக்கும் மாறி மாறிப் போன் அடித்துப் பார்த்துவிட்டு, அவசர எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். கணவரும் மகளும் சைக்கிளில் மலைக்குப் போயிருக்கிறார்கள் என்றிருக்கிறாள். எந்த மலைக்கு என்று கேட்டார்கள். தெரியாது, நான் கேட்கவில்லை என்றாள். மொழிச்சிக்கல் என்று நினைத்து மெதுவாகத் திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் அதையே சொன்னாள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் மாற்றினார்கள். அவரிடம் ஆங்கிலத்திலும் அதையே சொன்னாள். அவர் மிகவும் மென்மையாக, வீட்டில் ஏதாவது சண்டையா அம்மா என்று கேட்டாராம்.

ஆலங்கட்டி நின்று வெறும் மழையாக மாறியபோது எஞ்சின் சத்தம் கேட்டது. விடுதிக்காரரின் ஜீப்; ஆபத்து என்றால் எந்த நாளிலும் விடுவார்களாம். மலர் முன்சீட்டில், யாருடையதோ ஒரு பெரிய கம்பளிச் சட்டைக்குள் இருந்தாள். முட்டியெல்லாம் ரத்தம், அவளும் ஒரு முறை விழுந்திருக்கிறாள். கட்டடத்துக்குள் ஓடிவந்து என் கண்களை மறுபடி மாறி மாறிப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது.

"அம்மாகிட்ட பேசிட்டேன்" என்றாள். "எங்க இருக்கோம்னும் சொல்லிட்டேன்."

7

காறை எலும்பு மூன்று துண்டு. தலைக்குள் ரத்தம் இல்லை, அதிர்ச்சி மட்டும். ஆஸ்பத்திரியில் செல்வி மலரின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்ட பிறகும்.

மலர் செப்டம்பரில் ஹாலந்து போய்விட்டாள். இப்போது செல்வி தினமும் போனில் கேட்கிறாள்: எங்க இருக்க, எங்க போற, யார் கூட, எப்ப வருவ. ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன்னால் சாமி படத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள். மலரும் சொல்கிறாள். பொறுமையாகச் சொல்கிறாள். சில நாட்களில் பாதியை மறைக்கிறாள் என்பது குரலிலேயே தெரிகிறது. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று இருக்கிறோம்.

இதையெல்லாம் நேற்று நைனா கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார், மலர் சைக்கிளை நிமிர்த்திய இடத்தில்.

"புள்ள தனியாவா போச்சு? அந்த இடிலயா?"

"ஆமா நைனா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்தேன். மின்னலையும் பள்ளத்தையும் சொன்ன இடத்தில் என் குரல் கொஞ்சம் ஏறியிருக்கலாம். தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நைனா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த ஜீப்பு, நீ உழுந்த எடம் வரைக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப ஜீப்பு போற ரோடுதானா அது?"

"போவும் நைனா. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் உடமாட்டாங்க. நாங்க போனது அந்த நாள்ல."

நைனா விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சு நாளு ஜீப்பு உடுறான்" என்றார். "அத்த உட்டுட்டு, உடாத நாளா பாத்துப் போயிருக்க."